விமானம் ஒரு மணித்தியாலம், வீடு போய்ச் சேர ஒரு நாள்

தமிழ்நாட்டு முகாமிலிருந்து இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களுக்குத் திரும்பும் குடும்பங்கள் பயண நாளைத் திட்டமிட இந்தப் பாடம் உதவும்.

தூரமும் நேரமும்

கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வான்வழித் தூரம் ஏறத்தாழ:

- மதுரையிலிருந்து 350 கிலோமீற்றர்
- திருச்சியிலிருந்து 420 கிலோமீற்றர்
- சென்னையிலிருந்து 640 கிலோமீற்றர்

மதுரை, திருச்சியிலிருந்து ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்; சென்னையிலிருந்து ஒன்றரை மணித்தியாலம் வரை பறக்க வேண்டும். 2006 ஏப்ரல் முதல் இலங்கையின் நேரமும் இந்திய நேரமும் ஒன்றே. கடிகாரத்தை மாற்ற வேண்டியதில்லை.

வான்வழித் தூரம் நேர்கோட்டில் அளக்கப்படுவது. தரைவழி அப்படியல்ல. கொழும்பிலிருந்து இரத்தினபுரி சுமார் 100 கிலோமீற்றர்தான். ஆனால் பஸ்ஸில் மூன்று மணித்தியாலத்துக்கு மேலாகும். பலாங்கொடைக்கு இன்னும் 40 கிலோமீற்றருக்கு மேல் மலைப்பாதை. முன்பு களனிவெளி ரயில் இரத்தினபுரி தாண்டி ஓடியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். இப்போது அது அவிசாவளையோடு நின்றுவிடுகிறது. அதை நம்பிப் புறப்பட வேண்டாம்.

ஓர் உதாரணம்

திருச்சியில் காலை 10.00 மணிக்கு விமானம் என்று வைத்துக்கொள்வோம்.

- 7.00: விமான நிலையத்தில் இருக்க வேண்டும்
- 11.00: கட்டுநாயக்காவில் இறங்குதல்
- 12.30: குடிவரவுச் சோதனை முடித்து, பொதிகளுடன் வெளியே வருதல்
- 2.00: கொழும்பு புறக்கோட்டை
- 2.30: இரத்தினபுரி பஸ்
- 6.00: இரத்தினபுரி

அப்போதே இருட்டத் தொடங்கிவிடும். தோட்டத்துக்குப் போகும் பஸ் மாலையோடு நின்றுவிடலாம். விமானம் பிற்பகலில் என்றால், அன்றே லயத்துக்குப் போய்ச் சேர நினைக்காதீர்கள். கைக்குழந்தையும் முதியவர்களும் உள்ள குடும்பங்கள் அன்றிரவு கொழும்பிலோ இரத்தினபுரியிலோ உறவினர் வீட்டில் தங்குவது நல்லது. கேகாலை நகரம் கண்டி வீதியில் இருப்பதால் அங்கு போவது எளிது. எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கம் போவோர் அவிசாவளை வழியாகச் செல்ல வேண்டும்.

புறப்படும் முன்

- பயண ஆவணம், இந்தியாவிலிருந்து வெளியேறும் அனுமதி, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆகியவற்றைக் கைப்பையில் வையுங்கள். பெரிய பொதியில் போடாதீர்கள்.
- எத்தனை கிலோ கொண்டுபோகலாம் என்று பயணச்சீட்டில் பாருங்கள்.
- மருந்து, பால்மா, மாற்றுடை ஒரு நாளுக்குக் கையில் இருக்கட்டும்.
- மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழைக் காலம். களுகங்கை பெருகினால் இரத்தினபுரி வீதிகள் மூடப்படலாம், மண்சரிவும் ஏற்படும். இலங்கையில் இறங்கியதும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தில் கேட்டறியலாம்.

நீங்களே கணக்கிடுங்கள்

உங்கள் விமானம் இறங்கும் நேரத்தை எழுதுங்கள். அதோடு விமான நிலையத்தில் ஒன்றரை மணித்தியாலமும், கொழும்புக்கு ஒன்றரை மணித்தியாலமும், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரமும், ஊருக்கான பஸ் நேரமும் கூட்டுங்கள். விடை மாலை 6.00 மணியைத் தாண்டினால், இரவு தங்குமிடத்தை இன்றே பேசி முடிவு செய்யுங்கள்.