ஹாலுக்குள்ள புல் வளர்க்கணுமா?

நர்சரியில கதிர் ஆட நிக்கிற ஃபவுண்டன் கிராஸைப் பார்த்து மயங்கிடாதே. அதுக்கு நாள் முழுக்க வெயில் வேணும். ஹால் மூலையில வெச்சா வெளிறிப்போய் துவண்டு படுத்துடும். லெமன்கிராஸும் வெட்டிவேரும் அதே ரகம்தான். வெயில் விழற பால்கனி இருந்தா அங்கே வை, இல்லேன்னா ஆசையை விட்டுடு.

வீட்டுக்குள்ளன்னா அம்ப்ரெல்லா பாம் கேட்டு வாங்கு. பேர்லதான் பாம், உண்மையில அது நம்ம பாய் முடையற கோரைக்குப் பங்காளி. ஆத்தோரச் சேத்துல வளர்றது. அதனால தண்ணி ஜாஸ்தியாகி அழுகிடுமோங்கிற கவலையே வேண்டாம், காய விட்டாதான் கோவிச்சுக்கும். ஓட்டை இல்லாத ஜாடிக்குள்ள தொட்டியோட இறக்கி, அடியில ரெண்டு அங்குலம் தண்ணி எப்பவும் நிக்கட்டும். ஜன்னல் பக்கமா, நல்ல வெளிச்சத்துல வை.

தேங்கின தண்ணின்னா டெங்கு கொசு வருமேன்னு கேப்பே. நியாயம்தான். வாரம் ஒரு தடவை தண்ணியை மாத்து. வெறுமனே கொட்டினா போதாது. கொசு முட்டை ஜாடிச் சுவர்ல ஒட்டிக்கிட்டு இருக்கும், நார் போட்டு அழுத்தித் தேய்.

நுனி பழுப்பாச்சுன்னா உரம் போட ஓடாதே. பெரும்பாலும் ஏசி காத்து, இல்லேன்னா போர் தண்ணியோட உப்பு. ஆர்ஓ தண்ணியோ மழைத்தண்ணியோ ஊத்திப் பாரு. இலையடியில மெல்லிசா நூலாம்படை தெரிஞ்சா அது சிலந்திப்பேன். குளியலறைக்குக் கொண்டுபோய் ஷவர்ல நல்லா அலசு.

புதுச் செடிக்குக் காசு செலவழிக்காதே. குடை மாதிரி விரிஞ்ச தலையை ரெண்டு அங்குலத் தண்டோட வெட்டி, இலைகளைப் பாதியாக் கத்தரிச்சுட்டு, ஒரு டம்ளர் தண்ணியில தலைகீழாப் போடு. ஆமா, தண்டு மேலே, குடை கீழே! ரெண்டு மூணு வாரத்துல இலையெல்லாம் சேர்ற நடுவுலேர்ந்து வெள்ளையா வேரும், ஊசி மாதிரி பச்சை முளையும் எட்டிப் பார்க்கும்.

மேஜை மேல வைக்கச் சின்னதா வேணும்னா மாண்டோ கிராஸ். வளர ரொம்ப நாளாகும், ஆனா தொந்தரவே கிடையாது. இதுக்கு மட்டும் தண்ணி தேங்கக் கூடாது, மேல்மண் காஞ்சதும் ஊத்தினா போதும். சின்னச் சின்னத் தொட்டியா அஞ்சாறு வாங்கறதைவிட, அடர்த்தியா ஒண்ணு வாங்கி, வேரோட கத்தியால நாலாப் பிரிச்சு நட்டுக்கோ. அந்தக் கத்தியை மறுபடி காய் நறுக்க எடுத்துடாதே, அவ்வளவுதான்.