கேபிளை மாற்றச் சொல்லும் முன்

"பிங் போகுது சார், கார்டு நல்லாத்தான் இருக்கு." எங்களுக்கு சர்வர் விற்றவர்களின் சர்வீஸ் இன்ஜினியர் ஒவ்வொரு தடவையும் இதைத்தான் சொன்னார். அந்தப் பேச்சால் ஒரு முகூர்த்த சீசன் முழுக்க எங்கள் எடிட்டர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பிங்கை வைத்து நெட்வொர்க் கார்டுக்கு யாரும் நற்சான்றிதழ் கொடுக்கக் கூடாது. லினக்ஸில் பிங் நொடிக்கு ஒரு பாக்கெட் அனுப்பும், அதில் 56 பைட் டேட்டா இருக்கும். கிகாபிட் கார்டு முழு வேகத்தில் ஓடும்போது பெரிய பாக்கெட்டுகளே நொடிக்கு 80,000-க்கு மேல் போகும். இரண்டும் ஒரே சோதனை ஆகுமா?

எங்களுடையது கல்யாண வீடியோ ஸ்டூடியோ. பகலில் ஒரு குறையும் இருக்காது. இரவில் எல்லா எடிட்டர்களும் லினக்ஸ் சர்வரிலிருந்து ஃபுட்டேஜை இழுத்து ரெண்டர் போட ஆரம்பித்தால், எல்லோருக்கும் ஒன்றாக நின்றுவிடும். லிங்க் இறங்கும், ஏறும், கொஞ்சம் ஓடும், மறுபடி நிற்கும். நீங்களும் இந்த நிலையில்தான் இருப்பீர்கள்: சின்ன அலுவலகம், ஒரே சர்வர், ஐடிக்கென்று தனி ஆள் கிடையாது.

முதலில் கேபிளை மாற்றச் சொன்னார்கள், மாற்றினோம். அப்புறம் சுவிட்ச் பழசு என்றார்கள், புதியதை அவர்களிடமே வாங்க வைத்தார்கள். அன்று இரவும் அதே கதை. எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம், விடை முதல் நாளிலிருந்தே கெர்னல் லாகில் இருந்தது என்பதுதான். 'நெட்டெவ் வாட்ச்டாக், ட்ரான்ஸ்மிட் கியூ 0 டைம்டு அவுட்' என்ற வரி திரும்பத் திரும்ப வந்திருந்தது. அனுப்பக் கொடுத்த பாக்கெட் போய்விட்டது என்று கார்டிடமிருந்து தகவலே வரவில்லை, சில நொடிகள் பொறுத்துப் பார்த்த கெர்னல், கார்டை ரீசெட் செய்யும்படி டிரைவரிடம் சொல்கிறது என்று அதற்கு அர்த்தம். லிங்க் இறங்கி ஏறியது அந்த ரீசெட்டால். லாகைத் திறந்து படிக்காமலேயே சுவிட்சுக்கு பில் போட்டுவிட்டார்கள்.

கேபிள் கெட்டிருந்தால் அடையாளமே வேறு. எத்டூல் என்ற கமாண்டில் பெரிய எழுத்து எஸ் ஆப்ஷன் கொடுத்தால் கார்டின் கவுன்ட்டர்கள் வரும். சிஆர்சி எரர் ஏறிக்கொண்டே போனால் கேபிளையும் போர்ட்டையும் சந்தேகிக்கலாம். 'மிஸ்டு' ஏறினால், வருகிற பாக்கெட்டை எடுத்து வைக்க சர்வருக்கு நேரம் போதவில்லை, ரிங் பஃபரைக் கூட்டிப் பார்க்கலாம். எங்களுக்கு இரண்டுமே பூஜ்யம். அதைக் காட்டிய பிறகும் அந்த இன்ஜினியர் கேபிளைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார்.

கோளாறை இரவுவரை காத்திருக்காமல் வரவழைக்க, நெட்வொர்க்கைச் சோதிக்கும் ஐபெர்ஃப்3 போதும். ஆனால் நேரம் குறிப்பிடாவிட்டால் அது 10 நொடியில் முடிந்துவிடும். அந்தப் பத்து நொடி ரிப்போர்ட்டைத்தான் 'டெஸ்ட் பாஸ்' என்று எங்களுக்கு மெயில் அனுப்பினார்கள். ஒரு மணி நேரமாவது, பல இணைப்புகளில், இரண்டு திசையிலும் ஓடவிடுங்கள். எங்கள் சர்வர் டேட்டாவை வாங்கும்போது தாங்கியது, அனுப்பும்போதுதான் விழுந்தது.

கெர்னலையும் பயாஸையும் புதுப்பித்தேன், பிசிஐ மின்சேமிப்பான ஏஎஸ்பிஎம்மை அணைத்தேன். பலனில்லை. டிஎஸ்ஓவை அணைத்ததும் கோளாறு நின்றது. டிஎஸ்ஓ இயங்கும்போது கெர்னல் 64 கிலோபைட் வரை மொத்தமாகக் கொடுத்துவிடும், அதைப் பாக்கெட்டுகளாக நறுக்குவது கார்டின் வேலை. அணைத்துவிட்டால் நறுக்கும் வேலை சர்வரின் சிபியுவுக்கு வரும். "ஸ்பீடு போயிடும்" என்று பயமுறுத்தினார்கள். ஐபெர்ஃப் முன்பு காட்டிய 940 மெகாபிட்டையே இப்போதும் காட்டுகிறது. கிகாபிட் வேகத்துக்கு இன்றைய சிபியு அசைந்துகூடக் கொடுக்காது. வேகத்தைவிட விடிய விடிய நிற்காமல் ஓடுவதுதான் எங்களுக்கு முக்கியம்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அதற்கு ஒரு முழு இரவு சுமை என்று நான் பிடிவாதமாக இருந்தேன். எல்லாவற்றையும் சேர்த்து மாற்றியிருந்தால் எது பலித்தது என்று இன்றைக்கும் தெரிந்திருக்காது. எத்டூலில் செய்த மாற்றம் ரீபூட்டில் போய்விடும் என்பதால், நெட்வொர்க் கான்ஃபிக் ஃபைலில் போஸ்ட்-அப் வரியாகப் போட்டுவைத்திருக்கிறேன்.

வாட்ச்டாக் வரிகளையும் பூஜ்யக் கவுன்ட்டர்களையும் அச்சடித்து விற்றவர்களிடம் கொடுத்தேன். கார்டை வாரண்டியில் மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். தேவையில்லாமல் வாங்க வைத்த சுவிட்சின் பணத்தை இன்னும் தரவில்லை, நானும் கேட்பதை விடவில்லை.