வரப்பு போட்டால் வெள்ளம் நிற்குமா?

திருவனந்தபுரத்தில் 500 ஜிபி ஹார்ட் டிஸ்க் வாங்கி, விதுரா, கல்லாறு தாண்டி, 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, பொன்முடியில் இருக்கும் பழைய கணினியில் மாட்டப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். டிஸ்க்கோடு கூடவே சில நம்பிக்கைகளும் மலையேறும்.

நம்பிக்கை: மலை உயரத்தில் டிஸ்க் சீக்கிரம் கெட்டுவிடும்.

உண்மை: முழுக்கக் கட்டுக்கதை இல்லை. சுழலும் தட்டின் மேல், படிக்கும் முனை மெல்லிய காற்றுப் படலத்தில்தான் மிதக்கிறது. காற்று மெலிந்தால் முனை தாழும். ஆனால் பெரும்பாலான டிஸ்க்குகள் சுமார் 3,000 மீட்டர் உயரம் வரை தாங்கும்; பொன்முடி ஏறக்குறைய 1,100 மீட்டர்தான். அங்கே கவனிக்க வேண்டியது ஈரம். குளிரில் கிடந்த டிஸ்க்கை வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுவந்ததும் மாட்டாதீர்கள். சில மணி நேரம் உறையோடு வைத்திருங்கள்.

நம்பிக்கை: 500 ஜிபி டிஸ்க் 465 என்று காட்டினால் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார்.

உண்மை: தயாரிப்பாளருக்கு ஒரு ஜிபி என்பது 100 கோடி பைட். விண்டோஸுக்கோ 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம். படிதான் வேறு, அரிசி அதே அரிசி.

நம்பிக்கை: சின்னச் சின்னப் பார்ட்டிஷனாகப் பிரித்தால் பழைய கணினியும் முழு டிஸ்க்கையும் எடுத்துக்கொள்ளும்.

உண்மை: எடுத்துக்கொள்ளாது. பழைய பயாஸ், அதாவது கணினியை முதலில் எழுப்பும் மென்பொருள், டிஸ்க்கின் ஒவ்வொரு கட்டத்துக்கும் 28 பிட்டில் முகவரி எழுதியது. கட்டத்துக்கு 512 பைட் என்றால் 137 ஜிபியோடு முகவரிகள் தீர்ந்துவிடும். எத்தனை துண்டாக நறுக்கினாலும் அதற்கு அப்பால் உள்ள இடம் அதன் கண்ணில் படாது. 48 பிட் முகவரி தெரிந்த பயாஸ் வேண்டும். இயங்குதளத்துக்கும் அது தெரிய வேண்டும். விண்டோஸ் எக்ஸ்பி என்றால், குறைந்தது சர்வீஸ் பேக் 1 போட்டிருக்க வேண்டும்.

நம்பிக்கை: டி டிரைவில் வைத்தால் எல்லாம் பத்திரம்.

உண்மை: சி டிரைவை மட்டும் அழித்து விண்டோஸை மறுபடி போடும்போது பத்திரம்தான். ஆனால் பார்ட்டிஷன் என்பது பழைய முறையில் டிஸ்க்கின் முதல் 512 பைட்டுக்குள் எழுதப்படும் நான்கு வரி அட்டவணை. வயலில் போட்ட வரப்பு மாதிரி. மோட்டார் நின்றாலோ, முனை தட்டில் உரசினாலோ சி, டி இரண்டும் சேர்ந்தே போகும். வெள்ளம் வரப்புக்கு எந்தப் பக்கம் என்று பார்ப்பதில்லை. அதனால், முக்கியமானவற்றை இன்னொரு டிஸ்க்கில் பிரதி எடுத்து, மலைக்குக் கீழே, வேறொரு வீட்டில் வையுங்கள்.