எல் நினோ ஆண்டும் நமது புரட்டாசி விதைப்பும்

சாணார்பட்டி வட்டாரத்தில் மானாவாரி நிலத்துக்கு மட்டுமல்ல, கிணற்றடித் தோட்டத்துக்கும் உயிர் தருவது ஐப்பசி, கார்த்திகை மழையே. இவ்வாறிருக்க, "இவ்வாண்டு எல் நினோ, பருவமழை குறையலாம்" என்று பத்திரிகையில் கண்டவுடன் விதை வாங்குவதையே தள்ளிப் போடுவோர் நம்மிடையே உண்டு. அச்செய்தி எந்த மழையைப் பற்றியது என்பதைப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் நன்கு அறிந்துகொள்வது அவசியம்.

வெப்ப மண்டலத்தில் மேகமே ஓர் அடுப்பு. நீராவி குளிர்ந்து நீர்த்துளியாகும்போது தன்னுள் அடங்கிய உஷ்ணத்தை வெளிவிடுகிறது. அந்த உஷ்ணத்தால் காற்று மேலெழுந்து, உயரத்தில் பரவி, ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் கீழிறங்குகிறது. இறங்கும் இடத்தில் மேகம் எளிதில் திரளாது. இந்தோனேசியாவை அடுத்த கடலில் எரியும் இப்பேரடுப்பு, பசிபிக் சமுத்திரத்தின் நடுப்பகுதியும் கிழக்குப் பகுதியும் சூடேறும் ஆண்டுகளில் கிழக்கே நகர்ந்துவிடுகிறது. எல் நினோ என்பது இதுவே. அடுப்பு நகர்ந்தால் உலகின் காற்றோட்டமும் மாறும்.

இத்தொடர்பை முதலில் கணக்கால் துருவியவர், 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர். கேம்பிரிட்ஜில் கணிதம் கற்ற அவர், இந்தியக் குமாஸ்தாக்களைக் கொண்டு பல நாடுகளின் காற்றழுத்தக் குறிப்புகளைக் கையாலேயே கணக்கிடச் செய்தார். பசிபிக் பக்கம் அழுத்தம் ஏறினால் இந்துமகா சமுத்திரப் பக்கம் இறங்குகிறது என்று கண்டார். ஏன் அவ்வாறு நிகழ்கிறது என்பது பின்னரே விளங்கிற்று. பூமத்திய ரேகையை ஒட்டிக் காற்றில் எழும் அலைகள் எவ்வாறு கிழக்கும் மேற்கும் செல்கின்றன என்பதை 1966இல் ஜப்பானிய விஞ்ஞானி மட்சுனோ சமன்பாடுகளால் காட்டினார்.

நமக்கு வேண்டிய செய்தி இனித்தான் வருகிறது. எல் நினோ ஆண்டில் குறையக்கூடியது ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் தென்மேற்குப் பருவமழை. நமது வடகிழக்குப் பருவமழையோ அவ்வாண்டுகளில் பெரும்பாலும் மிகுதியாகவே பெய்கிறது. 2015இல் கடும் எல் நினோ. தமிழ்நாட்டில் இயல்பைவிடப் பாதிக்கு மேல் அதிக மழை. மறு ஆண்டு பசிபிக் குளிர்ந்தது. மழை 100க்கு 62 பங்கு குறைந்தது. அவ்வாறாயின் குளிர்ந்த ஆண்டெல்லாம் வறட்சியோ எனின், அதுவும் இல்லை. 2021இல் பசிபிக் குளிர்ந்தே இருந்தது. எனினும் கண்மாய்கள் உடையும் அளவுக்கு மாநிலத்தில் மழை கொட்டிற்று. ஒரே அடையாளத்தை வைத்துக் குறி சொல்வது சோதிடத்துக்கே பொருந்தும்.

ஆதலால் இன்று எல்லாக் கடல்களையும் காற்றுகளையும் சேர்த்துக் கணக்கிடுகின்றனர். பூமியைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று, ஈரம், உஷ்ணம் எவ்வாறு மாறும் என்று கணிப்பொறி படிப்படியாகக் கணக்கிடுகிறது. 2025 மே மாதத்தில் நம் நாட்டில் தொடங்கப்பட்ட பாரத் முன்னறிவிப்பு முறையில் ஒரு கட்டத்தின் பக்கம் 6 கிலோமீட்டர், அதாவது சுமார் 9,000 ஏக்கர். சிறுமலைச் சரிவில் எழும் ஓர் இடிமேகம் இதைவிடச் சிறியதாகவும் இருக்கலாம். பக்கத்து ஊரில் பெய்து நம் ஊரில் பெய்யாததற்காக வானிலைத் துறையை ஏசுவதில் பயனில்லை.

பயிருக்கு முக்கியமானது மொத்த மழை மட்டுமன்று, இடைவெளியும்தான். முதல் மழையில் முளைத்த சோளம் அடுத்த 15 நாட்கள் காய்ந்தால் விதையும் உழவுக் கூலியும் போயிற்று. இதில் கணித மாதிரி உண்மையாகவே உதவுகிறது. இந்துமகா சமுத்திரத்தில் எழும் ஒரு பெரும் மேகக் கூட்டம் பூமத்திய ரேகையை ஒட்டிக் கிழக்கே சென்று, 30 முதல் 60 நாட்களுக்கு ஒருமுறை மீண்டும் எழுகிறது. இதனை 1971இல் மேடன், ஜூலியன் என்னும் இரு அமெரிக்கர்கள் கண்டறிந்தனர். அது நமக்கு அருகே இருக்கையில் மழை வலுக்கும். பசிபிக்கை அடைந்தபின் தளரும். இதன் போக்கை இரண்டு, மூன்று வாரங்களுக்கு முன்பே ஓரளவு கணக்கிட இயலுகிறது.

இந்திய வானிலைத் துறை வியாழக்கிழமைதோறும் அடுத்த நான்கு வாரங்களுக்கான முன்னறிவிப்பை வெளியிடுகிறது. செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் ஐந்து நாட்களுக்கான வேளாண் வானிலை அறிக்கை வருகிறது. நான்காம் வாரத்தைவிட முதலிரு வாரங்களுக்கு அதிக மதிப்புத் தருக. மண் நனைந்தபின், அடுத்த இரு வாரமும் மழை இயல்பாக இருக்கும் என்று கண்டால் விதைக்கலாம். குறையும் என்றிருந்தால், நிலம் முழுவதையும் ஒரே நாளில் விதைத்துவிடாமல் ஒரு பகுதியை அடுத்த மழைக்கு நிறுத்திவைப்பது நலம். புரட்டாசி முதல் கார்த்திகை வரை இவ்விரு அறிக்கைகளையும் பஞ்சாயத்து அலுவலகப் பலகையில் எழுதிப் போடலாம். ஊரில் மழைமானி இருப்பின், அன்றாடம் காலை 8.30 மணிக்குக் கண்ட அளவையும் அதனருகில் குறிக்கலாம்.