சாவி யார் கையில், மாப்ளை?

பவானி,
ஆடிப்பெருக்குக்கு மறுநாள்

அன்புள்ள மாப்ளைக்கு,

நேற்று நீ போன் செய்தபோது நான் கூடுதுறைப் படித்துறையில் நின்றிருந்தேன். முளைப்பாரி விட வந்தவர்களும் மஞ்சள் கயிறு மாற்ற வந்தவர்களுமாக ஒரே கூட்டம். அந்தச் சத்தத்துக்கு நடுவில், "மாமா, எக்ஸ்சேஞ்சில் கிடக்கிற காயினை எல்லாம் என் சொந்த வாலட்டுக்கு மாத்தப் போறேன், ஏதாவது பாத்துக்கணுமா?" என்று கேட்டாய். "எழுதி அனுப்பறேன், அதுவரைக்கும் எதையும் தொடாதே" என்று சொல்லி வைத்தேன். இது போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. இரண்டு தடவை படித்துவிட்டுச் செய்ய வேண்டியது. வங்கியில் பணம் தவறிப் போனால் மேனேஜரைப் பார்த்து எழுதிக் கொடுக்கலாம். இங்கே போய்ப் பார்ப்பதற்கு மேனேஜரே கிடையாது.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள். வாலட்டுக்குள் காயின் இல்லை. காயின் எல்லாம் பிளாக்செயின் என்ற பொதுக் கணக்குப் புத்தகத்தில் வெறும் பதிவாக இருக்கிறது. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் அதன் பிரதியை வைத்திருக்கின்றன. வாலட் வைத்திருப்பது சாவியை மட்டும்தான். அந்தச் சாவியால் நீ கையெழுத்துப் போட்டால், உன் பேரிலிருந்த பதிவு இன்னொரு முகவரிக்கு மாறும். மாறியது மாறியதுதான். ஆகவே இந்த விவகாரத்தில் எப்போதும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: சாவி யார் கையில்?

எக்ஸ்சேஞ்சில், அதாவது காயின் வாங்கி விற்கும் கம்பெனியில், வைத்திருக்கும்வரை சாவி அந்தக் கம்பெனி கையில். நீ திரையில் பார்ப்பது, உனக்கு இவ்வளவு தர வேண்டும் என்று அவர்கள் எழுதி வைத்திருக்கும் பேரேடு. அந்தப் பேரேடு எவ்வளவு பலம் என்பது 2024 ஜூலை 18 அன்று தெரிந்தது. வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சின் ஒரு வாலட்டிலிருந்து 23 கோடி டாலருக்கு மேல், நம் கணக்கில் சுமார் 2,000 கோடி ரூபாய், ஒரே நாளில் போனது. அது சாதாரண வாலட் இல்லை. ஆறு பேரிடம் சாவி இருந்தது. கம்பெனி ஆட்கள் மூன்று பேரும், பாதுகாப்புக்கென்று அமர்த்திய வெளி நிறுவனமும் கையெழுத்துப் போட்டால்தான் பணம் நகரும். அப்படியிருந்தும் போயிற்று. திரையில் தெரிந்தது ஒன்று, உண்மையில் கையெழுத்தானது வேறொன்று என்றது வசீர்எக்ஸ். எங்கள் பக்கம் தவறில்லை என்றது பாதுகாப்பு நிறுவனம். அவர்கள் வழக்கு அவர்களோடு. நீ எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம், வாலட் எதற்குச் சம்மதம் கேட்கிறது என்று படிக்காமல் 'கன்ஃபர்ம்' பொத்தானில் விரல் வைக்காதே என்பது.

அந்தத் திருட்டுக்குப் பிறகு ஒரு பெண் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2024 ஜனவரியில் வசீர்எக்ஸில் 1,98,516 ரூபாய் கொடுத்து அவர் 3,532.30 எக்ஸ்ஆர்பி காயின் வாங்கியிருந்தார். திருடு போனவை எத்தீரியம் நெட்வொர்க்கின் காயினான ஈத்தரும் அதே நெட்வொர்க்கில் இருந்த டோக்கன்களும்தான். அவருடைய காயினை யாரும் தொடவில்லை. ஆனாலும் அவர் கணக்கு முடக்கப்பட்டது. நஷ்டத்தை எல்லார் தலையிலும் பங்கு போட்டுக் கட்டுவதுதான் கம்பெனியின் திட்டமாக இருந்தது. 2025 அக்டோபர் 25 அன்று நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் தந்த உத்தரவு, கிரிப்டோ கரன்சி ஒரு சொத்து என்றது. தொட்டுப் பார்க்க முடியாது, சட்டப்படியான நாணயமும் இல்லை. ஆனாலும் ஒருவர் அனுபவிக்கவும், உடைமையாக வைத்துக்கொள்ளவும், இன்னொருவர் பொறுப்பில் நம்பி ஒப்படைக்கவும் கூடிய சொத்து என்று சொல்லி அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு கொடுத்தது. நம் ஊர் நீதிமன்றம் தந்த நல்ல உத்தரவு. ஆனால் அதற்கு முன்னால் அந்தப் பெண் ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்தார் என்பதையும் நினைவில் வை.

"அதனால்தானே மாமா சொந்த வாலட்டுக்கு மாத்தறேன்" என்பாய். சரிதான். ஆனால் சாவி உன் கைக்கு வந்ததும் பொறுப்பும் கூடவே வந்துவிடும். புது வாலட் தொடங்கியதும் 12 அல்லது 24 ஆங்கில வார்த்தைகளைக் காட்டும். 2,048 வார்த்தைகள் கொண்ட நிரந்தரப் பட்டியலிலிருந்து எடுத்தவை அவை. முதல் நான்கு எழுத்தே ஒன்றிலிருந்து இன்னொன்றைப் பிரித்துக் காட்டிவிடும். ஆனால் வரிசை மாறக் கூடாது. போன் தொலைந்தாலும் உடைந்தாலும் அந்த வார்த்தைகளை வைத்து மொத்தத்தையும் மீட்டுவிடலாம். அதே வார்த்தைகள் இன்னொருவனுக்குக் கிடைத்தால் அவனும் மொத்தத்தையும் எடுத்துவிடலாம்.

அவற்றைப் பேனாவால் காகிதத்தில் எழுது. எண் போட்டு ஒவ்வொன்றாக எழுதி, திரும்ப ஒரு முறை ஒப்பிட்டுப் பார். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். உனக்கு நீயே வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்ளாதே. மெயிலிலும் வைக்காதே. உன் அப்பிச்சி காட்டுப் பத்திரங்களை எண்ணெய்த் துணியில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்து, அசல் இங்கே, நகல் அம்மிச்சி பிறந்த ஊரில் என்று இரண்டு இடத்தில் வைத்திருந்தார். அதே புத்திதான் இதற்கும். இரண்டு பிரதி, இரண்டு வீடு. காகிதம் எங்கே இருக்கிறது என்பது உன் அம்மாவுக்குத் தெரியட்டும். சாவி தொலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட்டில் ஒருவர் சுமார் 8,000 பிட்காயினின் சாவி இருந்த ஹார்டு டிஸ்க்கை 2013-ல் குப்பையில் இழந்தார். குப்பைமேட்டைத் தோண்ட அனுமதி கேட்டு அவர் போட்ட வழக்கு 2025 ஜனவரியில் தள்ளுபடியானது. காயின் இன்றும் கணக்குப் புத்தகத்தில் அப்படியே இருக்கிறது. சாவிதான் இல்லை.

இனி மாற்றும் வேலைக்கு வருவோம். நம் கடையிலிருந்து ஜமக்காள பேல் வெளியூருக்குப் போவதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். எந்த ரூட் லாரி, எந்த ஊர்ப் பார்சல் ஆபீஸ், பேலின் மேல் எந்தப் பார்ட்டியின் மார்க்கா என்று மூன்றையும் அப்பிச்சி வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்ப்பார். இங்கேயும் அதே மூன்றுதான்.

லாரி ரூட் என்பது நெட்வொர்க், அதாவது காயின் ஓடும் பிளாக்செயின். யுஎஸ்டிடி என்ற ஒரே காயின் எத்தீரியத்திலும் ஓடுகிறது, ட்ரானிலும் ஓடுகிறது, இன்னும் பலவற்றிலும் ஓடுகிறது. அனுப்புகிற இடத்திலும் வாங்குகிற இடத்திலும் ஒரே நெட்வொர்க் இருக்க வேண்டும். மாறினால் பணம் போய்ச் சேர்ந்தும் கைக்கு வராமல் நிற்கும். பார்சல் ஆபீஸ் என்பது முகவரி. அதைக் காப்பி செய்துதான் போட வேண்டும், கையால் அடிக்காதே. மார்க்கா என்பது டேக். எக்ஸ்ஆர்பி போன்ற காயின்களுக்கு எக்ஸ்சேஞ்ச் எல்லாருக்கும் ஒரே முகவரி கொடுத்து, ஆளுக்கு ஒரு எண்ணை டேக் ஆகத் தரும். எக்ஸ்சேஞ்சுக்குள் அனுப்பும்போது அந்த எண்ணை விட்டால், மார்க்கா இல்லாத பேல் மாதிரி குடோனில் கிடக்கும். பேசிப் பேசித்தான் மீட்க வேண்டும். உன் சொந்த வாலட்டுக்கு டேக் தேவையில்லை. ஆனால் புது எக்ஸ்ஆர்பி முகவரியில் 1 எக்ஸ்ஆர்பி இருப்பாகவே நிற்கும். அதைக் கணக்கில் வைத்துக்கொள்.

லாரி வாடகையும் உண்டு. சொந்த வாலட்டிலிருந்து யுஎஸ்டிடியை நகர்த்த, எத்தீரியத்தில் ஈத்தர் வேண்டும், ட்ரானில் டிஆர்எக்ஸ் வேண்டும். அது இல்லாவிட்டால் கையில் பணம் இருந்தும் நகர்த்த முடியாது. சில எக்ஸ்சேஞ்சுகள் எல்லாக் காயினையும் வெளியே எடுக்க விடுவதில்லை. உன்னுடையது விடுகிறதா என்று முதலிலேயே பார்.

முகவரியைச் சரிபார்க்கும்போது முதல் நான்கு எழுத்தும் கடைசி நான்கு எழுத்தும் பார்த்தால் போதும் என்று பலர் சொல்வார்கள். போதாது. நீ வழக்கமாக அனுப்பும் முகவரிக்கு முன்னும் பின்னும் ஒத்த மாதிரி ஒன்றைத் திருடர்கள் உருவாக்கி, அதிலிருந்து உனக்கு ஒரு துளி அனுப்பி, உன் பழைய பரிவர்த்தனைப் பட்டியலில் அதை நுழைத்துவிடுவார்கள். அடுத்த தடவை நீ பட்டியலிலிருந்து காப்பி செய்தால் தீர்ந்தது. 2024 மே மாதம் ஒருவர் இப்படித்தான் 1,155 பிட்காயின் மதிப்புள்ள டோக்கனை, சுமார் 7 கோடி டாலரை, ஒரே அழுத்தில் இழந்தார். பெரும்பகுதியைத் திருடனே திருப்பித் தந்தான் என்பது அவர் அதிர்ஷ்டம். நடுவில் இருக்கும் எழுத்துகளையும் படி. பழைய பட்டியலிலிருந்து எடுக்காதே. முதலில் ஐந்நூறு ரூபாய் அளவுக்கு அனுப்பு. அது வந்து இறங்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டு மீதியை அனுப்பு. இரண்டு தடவை வாடகை போகிறதே என்று பார்க்காதே.

ஒரு நோட்டுப் போடு. தேதி, எங்கிருந்து, எங்கே, எவ்வளவு, பரிவர்த்தனை எண் என்று ஒவ்வொன்றையும் எழுது. உன் வாலட்டிலிருந்து உன் வாலட்டுக்கே மாற்றுவது விற்பனை ஆகாது. அதை நிரூபிக்க உன்னிடம் எழுத்து இருக்க வேண்டும். விற்றால் லாபத்தில் 30 சதவீதம் வரி. 2022 ஏப்ரல் 1 முதல் இதுதான் சட்டம். அதே வருஷம் ஜூலையிலிருந்து விற்பனைத் தொகையில் 1 சதவீதம் முன்கூட்டியே பிடிக்கிறார்கள். ஒரு காயினைக் கொடுத்து இன்னொன்று வாங்கினாலும் விற்பனைதான். ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது.

இன்னொரு எச்சரிக்கை. தெரியாத ஆளுக்கு நேரடியாகக் காயினைக் கொடுத்து வங்கிக் கணக்கில் பணம் வாங்காதே. எனக்குப் பழக்கமான ஒரு பையன் அப்படி விற்றான். வந்தது எங்கோ ஒருவரை ஏமாற்றிப் பறித்த பணம். புகார் போனதும் பையனின் கணக்கு முடங்கி, மாதக்கணக்கில் அலைந்தான். நீயே ஏமாந்தால் வெட்கப்படாமல் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய். முதல் சில மணி நேரம்தான் முக்கியம்.

"எங்கள் வாலட்டில் போடு, மாதா மாதம் வருமானம்" என்று எவனாவது வந்தால் பெருந்துறை ஈமு கோழி முதலீட்டுத் திட்டத்தை நினைத்துக்கொள். 2012-ல் அது கவிழ்ந்தபோது நம் பக்கத்தில் எத்தனை வீட்டுச் சேமிப்பு போயிற்று என்று உன் அம்மாவைக் கேள். இதே மாதிரி ஆசை காட்டிப் பணம் வாங்கிய திருப்பூர் பாசி நிறுவனம் கவிழ்ந்தது 2009-ல். அதை நடத்தியவர்களுக்குத் தண்டனை கிடைத்தது 2022-ல். கோழி மாறலாம், காயின் வரலாம். சாவியை அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டு வட்டிக்குக் காத்திருப்பது மட்டும் மாறவே இல்லை.

படிப்புச் செலவுக்கு வைத்த பணத்தை இதில் போடாதே. போட்டதைப் பத்திரமாக வைத்துக்கொள். உதவி மையம் என்று சொல்லி எவன் கூப்பிட்டாலும் சரி, கூடப் படிக்கிற நண்பன் கேட்டாலும் சரி, வாலட்டின் அந்த வார்த்தைகள் உன் வாயிலிருந்து வரக் கூடாது. என்னிடமும் சொல்லாதே.

அன்புடன்,
உன் மாமன்