வீடியோ எடிட்டிங்: கட்டற்ற மென்பொருளில் எதைத் தேர்ந்தெடுப்பது?

ஊரில் நடந்த கூத்தையும் தாத்தா சொன்ன பழங்கதையையும் போனில் எடுத்துவிடுகிறோம். அதை ஒழுங்காக வெட்டி ஒட்ட உட்காரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. இலவசம் என்று இறக்கிய செயலி படத்தின் மூலையில் தன் முத்திரையைக் குத்துகிறது, அல்லது வேலை முடியும் நேரத்தில் சந்தா கேட்கிறது. கட்டற்ற மென்பொருளில் இந்தத் தொல்லை இல்லை. முடித்த வீடியோவை விற்றுக் காசு பார்க்கவும் தடையில்லை. இத்தகைய மென்பொருள்கள் பலவும் வெளியாகும் ஜிபிஎல் உரிமத்தின் நிபந்தனைகள் மென்பொருளின் நிரலுக்குத்தான். அதைக்கொண்டு நீங்கள் செய்த படம் உங்களுடையது.

தேடினால் முதலில் கண்ணில் படுபவை ஷாட்கட், கேடென்லைவ், ஓபன்ஷாட், பிளெண்டர். எதில் எத்தனை எஃபெக்ட் இருக்கிறது என்று எண்ணித் தேர்ந்தெடுக்க வேண்டாம். உங்கள் கணினியின் வலு என்ன, காட்சியை எதில் எடுத்தீர்கள், திரையில் எவ்வளவு தமிழ் எழுத்து வரப்போகிறது என்று பாருங்கள். முடிவு அங்கேதான் இருக்கிறது.

ஷாட்கட்டா கேடென்லைவா என்பதுதான் பெரும்பாலானோருக்கு உண்மையான கேள்வி. இரண்டின் அடியிலும் ஓடுவது எம்எல்டி என்ற ஒரே இயந்திரம். அதன் பிறப்பில் நம் பக்கத்துத் தொடர்பு ஒன்று உண்டு. அதன் பழைய நிரல் கோப்புகளின் உச்சியில் 2003-2004 என்ற ஆண்டுகளோடு உஷோதயா என்டர்பிரைசஸ் என்ற பெயர் இருக்கிறது. ஐதராபாத்தில் ஈநாடு நாளிதழை நடத்தும் நிறுவனம் அது. தொலைக்காட்சி ஒளிபரப்புக்காக எழுதப்பட்ட நிரல் கட்டற்றதாக வெளிவந்ததால், இன்று உலகம் முழுக்க வீட்டு மேசைகளில் ஓடுகிறது. அதை எழுதியவர்களில் ஒருவரான டான் டென்னடிதான் இன்று ஷாட்கட்டையும் நடத்துகிறார். இரண்டுக்கும் இயந்திரம் ஒன்றே என்பதால், எதில் செய்தால் படம் தெளிவாக வரும் என்று மனதைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. வித்தியாசமெல்லாம் கையாளும் விதத்தில்தான்.

ஷாட்கட்டைத் திறந்து, கோப்பை இழுத்துப் போட்டு, வேண்டாததை வெட்டி, எக்ஸ்போர்ட் கொடுத்தால் முடிந்தது. ஹெச்டி வீடியோவுக்கு 8 ஜிபி, 4கே-வுக்கு 16 ஜிபி ரேம் இருப்பது நல்லது என்று அதை உருவாக்குபவர்களே சொல்கிறார்கள். ஒரே போனில் எடுத்த பத்து நிமிடச் சமையல் வீடியோ, வகுப்புப் பாடம், கல்யாணத் துணுக்கு போன்றவற்றுக்கு இது தாராளம். புதிதாகக் கற்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

கேடென்லைவ் கொஞ்சம் பொறுமை கேட்கும். கிளிப்புகளைக் கோப்புறை வாரியாகப் பிரித்து, குறிச்சொல் போட்டு அடுக்கும் வசதியெல்லாம் நான்கு மணி நேர நேர்காணலோடு மல்லுக்கட்டும்போதுதான் அருமை தெரியும். இரவுக் கூத்தை இரண்டு மூன்று போன்களில் வெவ்வேறு பக்கமிருந்து எடுத்திருந்தால், ஒலியை வைத்தே அவற்றை ஒன்றோடொன்று பொருத்திவிடும். பிறகு மல்டிகேம் வசதியில் ஓடவிட்டு, எந்த நொடியில் எந்தக் கோணம் என்று தேர்ந்துகொண்டே போகலாம். ‘அடிக்கடி நின்றுபோகும்’ என்ற பழைய கெட்ட பெயரைக் கேட்டு ஒதுங்கியவர்கள் மறுபடி முயன்று பார்க்கலாம். 2019-இல் வந்த 19.04 பதிப்புக்காக நிரலின் பெரும்பகுதியைத் திருத்தி எழுதினார்கள்.

மடிக்கணினி பழையதா? இரண்டிலும் பிராக்ஸி வசதி உண்டு. பெரிய வீடியோவுக்குச் சிறிய நகலை உருவாக்கிக்கொண்டு அதில் வெட்டலாம். கடைசியில் ரெண்டர் ஆவது மூலக் கோப்பிலிருந்துதான். இதை இயக்காமலேயே ‘என் கணினிக்கு எடிட்டிங் சரிப்படாது’ என்று விட்டுவிடுபவர்கள் பலர்.

போன் வீடியோவில் இன்னொரு கோளாறு இருக்கிறது. பல போன்கள் நொடிக்கு இத்தனை ஃப்ரேம் என்று நிலையாக எடுப்பதில்லை. வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப அது கூடும், குறையும். எடிட் செய்யும்போது போகப்போகக் குரலும் உதடும் விலகும். ஷாட்கட் இதைக் கண்டுபிடித்து, எடிட்டிங்குக்கு ஏற்றபடி மாற்றித் தரவா என்று கேட்கும். சரி என்று சொல்லுங்கள். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் கான்ஸ்டன்ட் ஃப்ரேம்ரேட் என்பதைத் தேர்ந்து முன்கூட்டியே மாற்றிக்கொள்வதும் நல்ல வழி.

அடுத்தது தமிழ் எழுத்து. எந்த மென்பொருளை நிறுவினாலும், வேறெதுவும் செய்வதற்கு முன் ‘கொக்கு, கௌதாரி, ஸ்ரீ’ என்று டைட்டிலில் அடித்துப் பாருங்கள். கொம்பு ஓரிடம், கால் ஓரிடம் என்று பிரிந்து நின்றால் அந்த டைட்டில் வசதியை நம்ப வேண்டாம். இங்க்ஸ்கேப், கிம்ப் போன்ற வரைகலை மென்பொருளில் தலைப்பை எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகச் சேமித்து டைம்லைனில் வைத்துவிடலாம். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரான் ஆகிய மூன்று எழுத்துருக்களும் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை விட்டுவிடுங்கள். சப்டைட்டில் கோப்பு யூனிகோடில் இருந்தால்தான் யூடியூபில் ஏற்றவும் பின்னாளில் தேடவும் முடியும்.

சப்டைட்டிலை ஷாட்கட், கேடென்லைவ் இரண்டிலும் எழுதலாம். கேடென்லைவில் 2020 டிசம்பரிலேயே வந்துவிட்டது, ஷாட்கட்டில் அண்மையில்தான். பேச்சைக் கேட்டு எழுதும் விஸ்பரையும் இரண்டிலும் இணைக்கலாம். அது தமிழும் அறியும், நம் கணினிக்குள்ளேயே ஓடும். ஆனால் வட்டார வழக்கில் தடுமாறும். பாட்டியின் பேச்சை அதன் போக்கில் விட்டு வெளியிட்டால் பாட்டி சொல்லாததெல்லாம் திரையில் வரும். வரிவரியாகத் திருத்துங்கள்.

ஓபன்ஷாட்டை, பள்ளிப் பிள்ளைகள் புகைப்படங்களைக் கோத்து இசை சேர்க்கத் தாராளமாகக் கொடுக்கலாம். நீளமான வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பிளெண்டரிலும் எடிட்டர் இருக்கிறது. ஆனால் அதன் பலம் படத்தையே உருவாக்குவதில். லாத்வியாவின் ‘ஃப்ளோ’ என்ற அனிமேஷன் படம் முழுக்க பிளெண்டரில் உருவாகி 2025-இல் ஆஸ்கர் வென்றது. அனிமேஷன் கனவு இருப்பவர் நேரே அங்கே போகலாம். நேர்காணலை வெட்ட மட்டும் அதைக் கற்பது வீண் உழைப்பு. டாவின்சி ரிசால்வையும் பலர் சொல்வார்கள். அது இலவசம்தான், கட்டற்றது அல்ல. நல்ல கிராஃபிக்ஸ் கார்டும் கேட்கும். நிறச் சீரமைப்பே உங்கள் தொழில் என்றால் மட்டும் யோசியுங்கள்.

ஒலிக்கு ஆடாசிட்டி. இரைச்சலைக் குறைக்க அதற்கு இரைச்சலின் மாதிரி வேண்டும். அதனால் பதிவு தொடங்குமுன் யாரும் பேசாமல் சில நொடி ஓடவிடுங்கள். அதில் பதியும் மின்விசிறிச் சத்தம்தான் பிறகு கைகொடுக்கும். திரையைப் பதிவு செய்ய ஓபிஎஸ். அதில் எம்கேவி வடிவத்தில் பதியுங்கள். நடுவில் கரண்ட் போனால் சாதாரண எம்பி4 கோப்பு திறக்காமலே போகலாம், எம்கேவி-யில் அதுவரை பதிந்தது மிஞ்சும். பிறகு ஓபிஎஸ்ஸிலேயே எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம்.

வெளியிடும்போது, ஆட்கள் பார்க்க யூடியூப், காலத்துக்கும் இருக்க இன்டர்நெட் ஆர்க்கைவ் என்று இரண்டிலும் ஏற்றுவதே என் யோசனை. விக்கிப்பீடியா கட்டுரையில் சேர வேண்டிய காட்சி என்றால் வெப்எம் வடிவத்தில் ஒரு நகல் எடுங்கள். விக்கிமீடியா காமன்ஸ் எம்பி4-ஐ ஏற்பதில்லை. ஷாட்கட், கேடென்லைவ் ப்ராஜெக்ட் கோப்புகள் வெறும் எக்ஸ்எம்எல் உரைதான், வீடியோவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியவை. மூல வீடியோக்களோடு அவற்றையும் சப்டைட்டில் கோப்பையும் ஒரே கோப்புறையில் போட்டு, வேறொரு வட்டில் இன்னொரு படி வைத்துக்கொள்ளுங்கள்.