பாதியில் நின்றுபோகும் பேஸ் கிட்டார் ஆம்ப்ளிஃபயர்: கம்ப்யூட்டர் உதவியுடன் கோளாறு கண்டுபிடிப்போம்!

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நாம் அனைவரும் பாட்டுக் கேட்போம், படம் பார்ப்போம், கேம் விளையாடுவோம். அதே கம்ப்யூட்டரை வீட்டில் உள்ள மற்றொரு கருவியின் கோளாறைக் கண்டுபிடிக்கவும் பயன்படுத்தலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பேஸ் கிட்டார் ஆம்ப்ளிஃபயர் ஒன்றை உதாரணமாக வைத்து அதை இங்கே பார்ப்போம். உங்களிடம் கிட்டார் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இதில் வரும் வழிமுறை உங்கள் கம்ப்யூட்டருக்கும் அப்படியே பொருந்தும்.

சாத்தான்குளத்தில் என் சித்தப்பா மகன் சர்ச் பாடகர் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்கிறான். கிறிஸ்துமஸுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது போன் செய்தான். "அண்ணே, ஆம்ப்ளிஃபயர் திரும்பவும் நின்னுட்டு. கடையில ரெண்டு தடவை பவர் டிரான்சிஸ்டர் மாத்தியாச்சு. இப்ப மொத்த போர்டையும் மாத்தணும்ங்காங்க" என்றான். போர்டு விலை, அவன் ஆம்ப்ளிஃபயரைப் பழையதாக வாங்கிய விலையில் பாதி. விடுமுறைக்கு ஊருக்கு வரும் வரை போர்டை மாற்ற வேண்டாம் என்று சொல்லி வைத்தேன்.

சிக்னல் போகும் பாதை

கம்ப்யூட்டரில் கீபோர்டு, சிபியூ, மானிட்டர் என்று வரிசை இருப்பதுபோல் ஆம்ப்ளிஃபயரிலும் ஒரு வரிசை உண்டு. கிட்டார், கேபிள், ப்ரீஆம்ப், பவர் ஆம்ப், ஸ்பீக்கர் என்பதே அது. கிட்டாரிலிருந்து வரும் மிகச் சிறிய சிக்னலை ப்ரீஆம்ப் பெரிதாக்கும். பேஸ், ட்ரெபிள் திருகுகள் இந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. ஸ்பீக்கரைத் தள்ளும் அளவுக்குச் சக்தி கொடுப்பது பவர் ஆம்ப்.

பல ஆம்ப்ளிஃபயர்களில் ப்ரீஆம்புக்கும் பவர் ஆம்புக்கும் நடுவே, பெட்டியின் பின்புறம், 'எஃபெக்ட்ஸ் லூப்' என்று இரண்டு துளைகள் இருக்கும். ஒன்று 'சென்ட்', மற்றொன்று 'ரிட்டர்ன்'. இந்த இரண்டு துளைகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மானிட்டரில் படம் வரவில்லை என்றால் உடனே மதர்போர்டை மாற்றுவோமா? முதலில் கேபிளைத்தானே பார்ப்போம்! இங்கும் அதேதான்.

முதலில் கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

1. சத்தம் நிற்கும்போது பவர் விளக்கு எரிகிறதா? விளக்கும் அணைந்தால் கோளாறு பெரும்பாலும் ப்ளக், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஃப்யூஸ் அல்லது கரண்ட் வரவில்தான். நம் நாட்டு வீடுகளுக்கு 230 வோல்ட் வர வேண்டும். மாலையில் எல்லோரும் விளக்கும் மோட்டாரும் போடும்போது மட்டும் நிற்கிறது என்றால் எலக்ட்ரீஷியனை அழைத்து வோல்டேஜை அளக்கச் சொல்லவும்.

2. எவ்வளவு நேரம் கழித்து நிற்கிறது? பலமாக வாசித்து அரை மணி நேரம் ஆனதும் நின்று, ஆறியபின் தானாக வருகிறது என்றால் சூடுதான் காரணம். பல ஆம்ப்ளிஃபயர் சிப்புகளில் பாதுகாப்பு அமைப்பு உண்டு. உதாரணமாக, எல்எம்3886 என்ற சிப் உள்ளே 165 டிகிரி செல்சியஸ் ஆனதும் தானே நின்றுவிடும். சுமார் 155 டிகிரிக்கு இறங்கியதும் திரும்ப வேலை செய்யும். ப்ராசஸர் ஃபேனில் தூசி அடைத்தால் கம்ப்யூட்டர் ஆஃப் ஆகிறதே, அதே கதைதான். எங்கள் பக்கம் ஆடிக் காற்றில் தேரிக்காட்டுச் செம்மணல் தூசி பறக்கும். ஃபேன் உள்ள எந்தக் கருவியையும் அந்த மாதங்களில் மூடி வைப்பது நல்லது.

3. எப்படித் திரும்ப வருகிறது? தட்டினால், கேபிளை அசைத்தால், அல்லது ஒரு தந்தியை ஓங்கி இழுத்தால் சத்தம் வருகிறது என்றால் அது தொடர்புக் கோளாறு. எங்கோ ஓர் இணைப்பு சரியாகத் தொடவில்லை.

இவை தவிர, ஸ்பீக்கர்களின் ஓம் மதிப்பையும் பார்க்கவும். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டை இணையாக இணைத்தால் 4 ஓம். நான்கை இணைத்தால் 2 ஓம். பெட்டியின் பின்னால் 'குறைந்தது 4 ஓம்' என்று இருந்தால் அதற்குக் கீழே போகக் கூடாது. போனால் பலமான தாழ்சுரங்களில் ஆம்ப்ளிஃபயர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். ஆக்டிவ் வகைக் கிட்டார் என்றால் அதனுள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரியையும் மாற்றிப் பார்க்கவும்.

தம்பியிடம் கேட்டேன். விளக்கு எரிகிறது என்றான். கேபிளையும் பேட்டரியையும் ஏற்கெனவே மாற்றிவிட்டான். "இருபது நிமிஷம் ஆனா நிக்கும்" என்றான். கடையிலும் அதைத்தான் சொல்லியிருக்கிறான். அவர்களும் சூடு என்று முடிவு செய்து டிரான்சிஸ்டரை மாற்றியிருக்கிறார்கள். அந்த இருபது நிமிடம் உண்மைதானா? கடிகாரம் வைத்து யாரும் பார்க்கவில்லை.

கம்ப்யூட்டரைக் காவல் வைப்போம்

இதற்கு ஆடாசிட்டி என்ற இலவச சாஃப்ட்வேர் போதும். லேப்டாப்பின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஆம்ப்ளிஃபயரின் இன்புட்டுக்குக் கேபிள் கொடுக்கவும். ஒரு முனையில் 3.5 எம்எம் ஸ்டீரியோ பின்னும் மறுமுனையில் இரண்டு கால் இன்ச் மோனோ பின்களும் உள்ள கேபிள் வாங்கி, இரண்டில் ஒன்றை மட்டும் செருகவும். இரண்டு கருவிகளிலும் வால்யூமை முழுவதும் குறைத்துவிட்டு ஆரம்பித்து, மெல்ல ஏற்றவும். சார்ஜரைக் கழற்றிவிட்டால் 'உர்ர்' என்ற இரைச்சல் குறையும்.

பிறகு கீழ்க்கண்டவாறு செய்யவும்.

• 'ஜெனரேட்' மெனுவில் 'டோன்' என்பதை க்ளிக் செய்யவும்.
• வேவ்ஃபார்ம்: சைன். ஃப்ரீக்வென்சி: 196. ஆம்ப்ளிட்யூட்: 0.2. நேரம்: ஒரு மணி.
• ஷிஃப்ட் கீயுடன் ஆர் கீயை அழுத்தவும். டோன் ஒலிக்கும்போதே, லேப்டாப் மைக் வழியாக ஆம்ப்ளிஃபயரின் சத்தம் புது ட்ராக்கில் பதிவாகும்.

பேஸ் கிட்டாரின் அடித்தந்தி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸ்தான். ஆனால் அவ்வளவு தாழ்ந்த ஒலியை லேப்டாப் மைக் சரியாகப் பிடிக்காது என்பதால் 196 வைத்தோம். விண்டோஸ் சவுண்ட் செட்டிங்கில் மைக்குக்கு 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்' இருந்தால் ஆஃப் செய்யவும். இல்லாவிட்டால் அது நம் டோனையே இரைச்சல் என்று நினைத்து அழித்துவிடலாம்.

ஒரு மணி நேரம் கழித்துத் திரையைப் பார்த்தோம். சத்தம் 7ஆவது நிமிடம் நின்றிருந்தது. பிறகு தானே வந்து, 31ஆவது நிமிடமும் 34ஆவது நிமிடமும் மீண்டும் நின்றிருந்தது. எந்த ஒழுங்கும் இல்லை. அதோடு நாங்கள் வைத்திருந்தது மிகக் குறைந்த வால்யூம். பெட்டியைத் தொட்டால் சூடே இல்லை. ஆகவே சூடு காரணமல்ல. டிரான்சிஸ்டருக்குக் கொடுத்த பணம் வீண்!

பாதையைப் பாதியாக வெட்டுவோம்

ப்ரோக்ராமில் பிழை தேடும்போது நாங்கள் செய்யும் வேலை இது. பாதையின் நடுவில் சோதித்தால் பாதி இடத்தை ஒரே அடியில் ஒதுக்கிவிடலாம்.

அதே கேபிளை இன்புட்டிலிருந்து எடுத்து 'ரிட்டர்ன்' துளையில் செருகினோம். இப்போது ப்ரீஆம்பைத் தாண்டி சிக்னல் நேராகப் பவர் ஆம்புக்குப் போகிறது. ஒரு மணி நேரம் டோன் நிற்கவே இல்லை. பவர் ஆம்பும் ஸ்பீக்கரும் நலம்.

அடுத்து, லேப்டாப்பைக் கழற்றிவிட்டு, சின்னக் கிட்டார் கேபிள் ஒன்றால் 'சென்ட்' துளையையும் 'ரிட்டர்ன்' துளையையும் இணைத்தோம். தம்பி வழக்கம்போல் இன்புட்டில் கிட்டாரைச் செருகி வாசித்தான். ஒரு மணி நேரம் ஆகியும் நிற்கவில்லை. ப்ரீஆம்பும் நலம்!

அப்படியானால் மிச்சம் இருப்பது ஒன்றுதான். 'ரிட்டர்ன்' துளைக்குள் ஒரு சிறிய தகடு உண்டு. துளையில் எதுவும் செருகாதபோது இந்தத் தகடுதான் ப்ரீஆம்பையும் பவர் ஆம்பையும் இணைக்கிறது. வருடக்கணக்கில் யாரும் பயன்படுத்தாத துளை என்பதால் தகட்டில் தூசியும் களிம்பும் படிந்து, தொட்டும் தொடாமலும் இருந்திருக்கிறது. கரண்டை நிறுத்தி, ப்ளக்கையும் பிடுங்கிவிட்டு, கான்டாக்ட் க்ளீனர் ஸ்ப்ரேயைத் துளைக்குள் சிறிது அடித்து, கிட்டார் பின்னைப் பத்துப் பதினைந்து முறை செருகி எடுத்தோம். நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஆன் செய்தோம். அவ்வளவுதான்! கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனை முழுவதும் பேஸ் ஒலித்தது. சின்னக் கேபிளை மட்டும் அவசரத்துக்கு என்று தம்பி பெட்டியோடு கட்டி வைத்திருக்கிறான்.

எச்சரிக்கை

• ஆம்ப்ளிஃபயர் பெட்டியைத் திறக்காதீர்கள். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கபாசிட்டர்களில் ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.
• மூன்று பின் ப்ளக்கில் எர்த் பின்னை ஒருபோதும் உடைக்காதீர்கள். தந்தியில் விரலும் மைக்கில் உதடும் வைப்பவருக்கு அதுதான் உயிர்க்காப்பு.
• வால்வு வகை ஆம்ப்ளிஃபயரை ஸ்பீக்கர் இணைக்காமல் ஆன் செய்யக் கூடாது.
• ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் அவுட்புட்டைக் கம்ப்யூட்டரின் மைக் துளையில் ஒருபோதும் இணைக்காதீர்கள். சவுண்ட் பகுதி எரிந்துவிடும்.

நினைவில் கொள்ள

வந்து வந்து போகும் கோளாறு எப்போது வருகிறது, எப்படிப் போகிறது என்பதை நேரத்தோடு எழுதி வையுங்கள். ஒரு தடவைக்கு ஒரு பொருளை மட்டும் மாற்றிப் பாருங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது. சோதனைகளுக்குப் பிறகும் சரியாகவில்லை என்றால் அந்தத் தாளோடு மெக்கானிக்கிடம் போங்கள். "நின்று நின்று போகிறது" என்று மட்டும் சொன்னால் அவர் ஊகிக்கத்தான் முடியும். அந்த ஊகத்துக்கும் காசு கொடுப்பது நாம்தான். உங்கள் கம்ப்யூட்டர் அடிக்கடி ஆஃப் ஆனாலும் இதே வழியைக் கையாளுங்கள்.